'தாத்தா சொன்னார்' என்பது சான்று ஆகுமா?

கடந்த செமஸ்டர் விடுமுறையில் தமிழ் விக்கிப்பீடியாவில் நான் முதன்முதலாக எழுதிய பத்தி இருபது நிமிடம்கூட நிலைக்கவில்லை. எங்கள் ஊர் பிறையைப் பற்றி ஐந்து வாக்கியங்கள். எழுதிச் சேமித்துவிட்டு, தாத்தாவுக்குத் தே ஓ கலக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், ஐந்தும் இல்லை. பக்கம் நான் தொடுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அன்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்று யோசித்துப் பார்த்தால், நீக்கியவர் செய்தது முழுக்கச் சரி. ஏன் சரி என்பதையும், அதன் பிறகு நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பதையும் சொன்னால், நீங்களும் தொடங்கும்போது என்னைப் போல் இடறாமல் இருப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேடச் சொன்னவர் தாத்தா

என் தாத்தா ரயில்வேயில் வேலை செய்தவர். தண்டவாளத்தைப் பராமரிக்கும் 'கேங்'கில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தொட்டுவிட்டது. ஒரு நாள் மாலை நான் கைப்பேசியில் ஏதோ பாடத்துக்காக விக்கிப்பீடியாவைப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த தாத்தா கேட்டார்:

"எல்லாத்தப் பத்தியும் இதுல இருக்கும்னு சொல்றியேம்மா, நம்ம பிறையப் பத்தி என்ன போட்டிருக்கு, படி பார்ப்போம்."

மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் தேடிப் படித்துக் காட்டினேன். தொழிற்பேட்டை இருந்தது, பினாங்குப் பாலம் இருந்தது. தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க இருந்த ரயில்வே லைன் வீடு? ஃபெரி? அந்தச் சுத்துற பாலம்? அங்க வேலை செஞ்ச நம்ம ஆளுங்க?" என்றார். அவர் சொன்ன பிறை அந்தத் தமிழ்ப் பக்கத்தில் இல்லை.

"அப்ப யாரோ வெளியூர்க்காரன் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தாத்தா நினைத்தது போலத்தான் நானும் நினைத்திருந்தேன். விக்கிப்பீடியாவை எங்கோ ஓர் அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் அறிஞர்கள் எழுதுகிறார்கள் என்று. படிவம் ஐந்து வரை வீட்டுப்பாடத்துக்கு எத்தனையோ முறை அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் 'தொகு' என்ற பொத்தான் கண்முன்னே இருந்தும், அது எனக்கானது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

யார்தான் எழுதுகிறார்கள்?

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கியது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் இயங்குகிறது. கட்டுரைகளை எழுதுவோரும் திருத்துவோரும் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்க நாள்களில் பெரும் பாரத்தைச் சுமந்தவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவர் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது.

2017ஆம் ஆண்டு மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. மலாய் விக்கிப்பீடியாவில் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆங்கிலத்தில் அறுபது லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் நாம் பின்னால்தான் நிற்கிறோம். ஆனால் இந்த ஒன்றரை லட்சமும் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, வட அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கும் தமிழர்கள் சிலர் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு எழுதியவை. நம் நாட்டைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றை எழுதியவர் நம் பத்திரிகை வாசகர்களுக்கு நன்கு தெரிந்த எழுத்தாளர் மலாக்கா முத்துக்கிருஷ்ணன். நம் வீட்டு மேசை மீது இருக்கும் நாளிதழில் எழுதியவரே அங்கும் எழுதுகிறார் என்று அறிந்தபோது, அந்தத் 'தொகு' பொத்தான் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது.

தமிழில் கலைக்களஞ்சியம் தொகுப்பது புதிய வேலையும் அல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1954இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வந்தது. ஒருவர் தனியாகச் செய்ததும், ஓர் அமைப்பு அறிஞர்களைத் திரட்டிச் செய்ததும் உண்டு. இப்போது செய்வது நீங்களும் நானும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. வேறுபாடு அவ்வளவுதான்.

என் ஐந்து வாக்கியங்கள்

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் ஒரு கணக்கைத் திறந்தேன். தாத்தாவை உட்கார வைத்துக் கதை கேட்டேன். கேட்டதை ஐந்து வாக்கியங்களாக்கிப் பிறை பக்கத்தில் சேர்த்தேன். ரயில் பிறையோடு நின்றது, அங்கிருந்து ஃபெரி ஏறித் தீவுக்குப் போனார்கள், ஆற்றின் மேல் சுழலும் பாலம் இன்ன ஆண்டில் வந்தது, அதைக் கட்டியதில் தமிழர்களின் வியர்வை கலந்திருக்கிறது, அவர்களின் தியாகத்தை வரலாறு மறக்காது. இவ்வளவுதான்.

என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. முதலில் வணக்கமும் வரவேற்பும். அடுத்து, சேர்த்த தகவல்களுக்குச் சான்று இல்லை என்பதால் நீக்கியிருப்பதாகவும், நூல் அல்லது நாளிதழ் மேற்கோளோடு மீண்டும் சேர்க்கலாம் என்றும், ஐயம் இருந்தால் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தார். எழுதியவர் யார், எந்த நாடு என்று எனக்குத் தெரியாது.

நான் சூடாகப் பதில் எழுதினேன். "என் தாத்தா அங்கேயே வேலை செய்தவர். அவரை விடச் சான்று வேண்டுமா?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. உங்கள் தாத்தா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் பத்து ஆண்டு கழித்து டொரன்டோவில் உட்கார்ந்து படிக்கும் ஒரு மாணவர், இது உண்மைதானா என்று எப்படிச் சரிபார்ப்பார்? அவரால் உங்கள் தாத்தாவிடம் கேட்க முடியாதே. இதுதான் அந்தப் பதிலின் சாரம்.

எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. யோசித்தால், என்னுடைய நான்காவது, ஐந்தாவது வாக்கியங்கள் தகவலே இல்லை. மேடைப் பேச்சு. 'வரலாறு மறக்காது' என்று எழுதியிருந்தேன். வரலாறு ஏற்கெனவே மறந்துவிட்டது என்பதால்தானே நான் எழுதவே உட்கார்ந்தேன்!

செபராங் ஜெயா நூலகத்தில் இரண்டு நாள்

பினாங்குப் பொது நூலகக் கழகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். எஸ்பிஎம் நேரத்தில் குளிர்சாதன வசதிக்காக மட்டும் போன இடம். இப்போது முதன்முறையாக உள்ளூர் வரலாற்று அலமாரிக்குப் போனேன். இணையத்தில், சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கும் பழைய நாளிதழ்களையும் தேடினேன். 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1845இலிருந்தே இருக்கிறது. 'தமிழ் முரசு' பழைய இதழ்களும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம் என்பது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தாத்தாவின் கதைக்கு ஒவ்வொன்றாகச் சான்று கிடைக்கத் தொடங்கியது. 1909இல் ஜொகூர் வரை தண்டவாளம் போட்டு முடிந்தபோது, மேற்குக்கரை ரயில் பாதையின் வடமுனை பிறைதான். ஜார்ஜ்டவுன் கடற்கரை ஓரமாக, மணிக்கூண்டு வைத்த ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறதே, இப்போது சுங்கத்துறை அலுவலகம், அது ரயில்வே கட்டடமாகக் கட்டப்பட்டது. தீவில் தண்டவாளம் இல்லை. அங்கே டிக்கெட் வாங்கி, ஃபெரி ஏறிப் பிறைக்கு வந்து ரயில் பிடித்தார்கள். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம்! பள்ளிப் பயணத்தில் எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். 1960களின் பிற்பகுதியில் பிறை ஆற்றைக் கடக்கும் பாலம் வந்து, ரயில் பட்டர்வொர்த் வரை நீண்டது. அதோடு பிறை கடைசி நிலையம் என்ற பெயர் போனது.

பாலம் திறந்த ஆண்டைப் பார்த்தபோதுதான் திக்கென்றது. தாத்தா சொன்ன ஆண்டுக்கும் நூலில் இருந்த ஆண்டுக்கும் இரண்டு ஆண்டு வேறுபாடு. சான்று கேட்டு என் பத்தியை நீக்காமல் விட்டிருந்தால், ஒரு தவறான ஆண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் நிலைத்திருக்கும். அதைப் பார்த்து யாரோ ஒரு மாணவர் இடுபணியில் எழுதியிருப்பார். அதை மேற்கோள் காட்டி இன்னொருவர்.

இதைத் தாத்தாவிடம் சொல்லவே தயக்கமாக இருந்தது. சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சொன்ன வருஷம் என் தங்கச்சி கல்யாணம். அன்னிக்கு லீவு கேட்டதுக்கு, பாலத்து வேலை இருக்கு, போகாதேன்னு மண்டோர் சொன்னான். அதான் ஞாபகம்" என்றார். பிறகு அவரே, "அப்ப வேலைதான் நடந்துச்சு. ரயிலு ஓடுனது அப்புறம்தான். நீ சொல்றது சரிதான்" என்றார்.

எனக்கு அன்று இரண்டு விஷயம் புரிந்தது. தாத்தாவின் நினைவு பொய் இல்லை. ஆனால் அது ஆண்டுக் கணக்குக்காக வைத்த நினைவு இல்லை, தங்கையின் கல்யாணத்துக்காக வைத்த நினைவு. நூலில் ஆண்டு சரியாக இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குக்கூட விடுப்பு கிடைக்காத ஒரு தொழிலாளி அதில் இல்லை.

எது உள்ளே போகும், எது போகாது

கடைசியில் என் ஐந்து வாக்கியங்கள் மூன்றாகின. ஒவ்வொன்றின் முடிவிலும் மேற்கோள். 'வியர்வை', 'தியாகம்' இரண்டையும் நானே எடுத்துவிட்டேன். இந்த முறை யாரும் நீக்கவில்லை. ஓர் எழுத்துப் பிழையை மட்டும் யாரோ திருத்தியிருந்தார். 'கட்டிடம்' என்று எழுதியிருந்தேன், 'கட்டடம்' ஆகியிருந்தது.

ஆனால் தாத்தா முதலில் கேட்டது என்ன? லைன் வீடுகள். அங்கே வேலை செய்த நம் ஆள்கள். அதற்கு நான் தேடிய வரையில் அச்சில் எதுவும் கைக்கு எட்டவில்லை. அதனால் அது இன்னும் அந்தப் பக்கத்தில் இல்லை.

முதலில் இதை நினைத்து வருந்தினேன். பிறகு ஒன்றை யோசித்தேன். மலேசியத் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது என்று நம் எல்லாருக்கும் தெரியும். 2016இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். எப்படி முடிந்தது? யாரோ அதை எழுதி வைத்தார்கள்; அந்தத் தாள் பிழைத்துக் கிடந்தது. எழுதி வைக்காதவர்களுக்கு ஆண்டு விழா இல்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றுபோனது. ஒரு நாளிதழ் நிற்கும்போது நாளைய செய்தி மட்டும் நிற்பதில்லை. பழைய இதழ்களை யாராவது பாதுகாக்காவிட்டால், நேற்றைய சான்றும் சேர்ந்தே போகும்.

ஆகவே, விக்கிப்பீடியாவில் எழுத வந்த நான், விக்கிப்பீடியாவுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை அதிகம் என்று கண்டுகொண்டேன். உங்கள் தமிழ்ப்பள்ளியின் நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், தோட்டத்து மன்றத்தின் ஆண்டறிக்கை எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியை நூலகத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, பள்ளி இதழுக்கோ நாளிதழுக்கோ எழுதுங்கள். அச்சில் வந்தால் அது நாளைக்கு வேறு ஒருவருக்குச் சான்று.

நீங்கள் தொடங்குவதென்றால்

என் அனுபவத்தில், பின்வரும் வரிசையில் போனால் சிரமம் குறைவு.

முதலில் தட்டச்சு. 'எனக்குத் தமிழில் டைப் செய்ய வராது' என்பது இப்போது சாக்கு ஆகாது. தமிழ் தட்டச்சுக்கான 'முரசு அஞ்சல்' மென்பொருளையும் கைப்பேசிக்கான 'செல்லினம்' செயலியையும் உருவாக்கியவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி தட்டினாலே தமிழில் வரும். பழகப் பழக, தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளலாம்.

அடுத்து கணக்கு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். சொந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பள்ளி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதையும் பயனர் பக்கத்தில் எழுதாதீர்கள்.

மூன்றாவது, 'மணல்தொட்டி'. இது பழகுவதற்கென்றே இருக்கும் பக்கம். தலைப்பு போடுவது, இணைப்பு கொடுப்பது, மேற்கோள் சேர்ப்பது எல்லாவற்றையும் இங்கே செய்து பார்க்கலாம். நான் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கட்டுரைக்குப் போனதுதான் என் முதல் தவறு.

நான்காவது, சிறிய திருத்தம். புதுக் கட்டுரை எழுதுவதை முதல் நாளே நினைக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஊர், பிடித்த விளையாட்டு, படிக்கும் பாடம் இவற்றில் ஒரு பக்கத்தைத் திறங்கள். சந்திப் பிழை, விடுபட்ட எழுத்து, இறந்துபோன இணைப்பு இப்படி ஏதாவது இருக்கும். திருத்துங்கள். சேமிக்கும் முன் 'தொகுப்புச் சுருக்கம்' என்ற கட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று நாலு சொல் எழுதுங்கள். 'எழுத்துப் பிழை திருத்தம்' என்றாலே போதும். மற்றவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வர இது பெரிய உதவி.

ஐந்தாவது, 'வரலாறு' பகுதியைப் படியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அது உண்டு. யார், எப்போது, என்ன மாற்றினார் என்று முதல் நாளிலிருந்து இருக்கும். எதுவும் அழிந்து போவதில்லை. நான் எழுதிய அந்த ஐந்து வாக்கியங்கள்கூட அங்கே இன்னும் இருக்கின்றன, என் அறியாமைக்குச் சாட்சியாக! அதனால் தவறு செய்ய அஞ்ச வேண்டியதில்லை. எந்தத் தவறையும் ஒரே சொடுக்கில் பழையபடி மாற்றிவிடலாம்.

ஆறாவது, கேளுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடல் பக்கம் இருக்கிறது. பொதுவாகப் பேச 'ஆலமரத்தடி' என்ற பக்கமும், புதியவர்கள் ஐயம் கேட்க 'ஒத்தாசைப் பக்கம்' என்பதும் உண்டு. ஊர்க் கூட்டம் ஆலமரத்தடியில் நடப்பது போலத்தான் அந்தப் பெயர். நான் கோபமாகக் கேட்டபோதே பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நீங்கள் மரியாதையாகக் கேட்டால் இன்னும் நன்றாகவே சொல்வார்கள்.

செய்யக் கூடாதவை சில. உங்களைப் பற்றியோ, உங்கள் குடும்பத்தின் கடையைப் பற்றியோ எழுதாதீர்கள். எந்த நூலிலிருந்தும் இணையப் பக்கத்திலிருந்தும் வரிகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். படித்துப் புரிந்துகொண்டு சொந்தச் சொற்களில் எழுதி, எங்கே படித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். கூகுளில் கிடைக்கும் படங்களைப் பதிவேற்றாதீர்கள். தாத்தாவின் ஆல்பத்தில் அவருடைய கேங் ஆள்கள் பன்னிரண்டு பேர் நிற்கும் ஓர் அருமையான படம் இருக்கிறது. எடுத்தவர் யார் என்று தெரியாததால் அதை நான் போடவில்லை. பதிலாக, நானே ரயில் நிலையத்துக்குப் போய் எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன்.

மொழிபெயர்ப்பு இயந்திரம் எழுதிக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்வியை என் கல்லூரித் தோழிகள் கேட்டார்கள். "ஆங்கிலக் கட்டுரையை ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தமிழ் வரும். நீ ஏன் இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்தாய்?"

இது புதிய கேள்வி இல்லை. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சேர்க்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. கட்டுரைகள் நீளமாக வந்து குவிந்தன. ஆனால் தமிழ் விக்கிப்பீடியர்கள் மகிழவில்லை. நடை இயந்திரத்தனமாக இருக்கிறது, தமிழ் வாசகருக்குத் தேவையான தலைப்புகள் தேர்ந்தெடுக்கப்படவில்லை, போட்டுவிட்டுப் போகிறவர்கள் பிறகு திரும்பி வந்து திருத்துவதில்லை என்று சுட்டிக்காட்டினார்கள். 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் உரையே நிகழ்த்தினார். 'எண்ணிக்கை கூடினால் போதும்' என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

இன்றைய கருவிகள் அன்றையதைவிட நன்றாகவே எழுதுகின்றன. ஆனாலும் இல்லாத நூலுக்கு அவை மேற்கோள் கொடுப்பதை என் இடுபணியிலேயே பார்த்திருக்கிறேன். மேலும், ஆங்கிலத்தில் இல்லாததை அவை எப்படி மொழிபெயர்க்கும்? தண்ணீர்மலை என்று சொன்னால் பினாங்கில் வளர்ந்த நமக்குத் தைப்பூசம் கண்முன் வரும். அந்தப் பெயரை யாராவது ஒரு தமிழர் எழுதினால்தான் உண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு. நான் எழுதிய முதல் வாக்கியமே 'பிறை ஆனது அமைந்துள்ளது ஒரு நகரமாக' என்ற தொனியில்தான் இருந்தது. மலாயிலோ ஆங்கிலத்திலோ யோசித்துத் தமிழ்ச் சொல்லைப் பொருத்தியிருந்தேன். தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். "என்னம்மா இது, ரேடியோ கரகரங்கிற மாதிரி இருக்கு" என்றார். அவரிடம் வாயால் சொல்லிப் பார்த்து, பிறகு எழுதினேன். இரண்டு மாதத்தில் என் தமிழ் எஸ்பிஎம் தமிழ்த்தாளுக்குப் படித்த காலத்தைவிடத் தேறியிருக்கிறது. மதிப்பெண் இல்லாமல், பரிசு இல்லாமல் நான் தமிழில் எழுதுவது இதுவே முதல்முறை.

மூன்று வாக்கியம்

மாற்றங்கள் நிலைத்துவிட்டன என்று உறுதியானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாத்தாவைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"மூணு வரிதானா?" என்றார்.

"மூணுதான் தாத்தா. மத்ததுக்கு ஆதாரம் கிடைக்கல."

"நான் இருக்கேனே."

"நீங்க இருக்கறப்பவே எழுதி வைக்கணும். அப்பதான் ஆதாரம்."

கொஞ்ச நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், அந்தப் பன்னிரண்டு பேர் படத்தை எடுத்து வந்தார். என்னிடம் ஒரு பேனாவையும் கொடுத்து, இடது ஓரத்தில் நிற்பவரிலிருந்து பெயர் சொல்லத் தொடங்கினார். ஒன்பது பெயர் வந்தது. மூன்று பேரின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. படத்தின் பின்னால் ஒன்பது பெயரையும் எழுதி, மூன்று இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

தோழர்களே, இந்த வாரம் உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால், உங்கள் ஊரின் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடிப் பாருங்கள். ஒரு பிழையாவது திருத்துங்கள். இன்னும் பத்து நிமிடம் கிடைத்தால், வீட்டில் இருக்கும் பழைய படத்தை எடுத்துக்கொண்டு போய், அதில் நிற்பவர்கள் யார் என்று தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். கேட்டதைக் கையோடு எழுதி வையுங்கள்.